வலியின் கையொப்பம்

என் வாப்பா புத்தளத்தில் முஸ்லிம் விவாகப் பதிவாளராக இருந்தவர். பதிவுப் புத்தகம் எங்கள் வீட்டு அலுமாரியில், உம்மாவின் சாரிகளுக்கு மேல்தட்டில் இருக்கும். அவர் கல்யாண வீட்டுக்குப் புறப்படும் நாட்களில் அதை எடுத்துத் துடைத்து, மை ஒற்றும் தாளைச் செருகிக் கொடுப்பது என் வேலை. அதனால் எழுத்துக்கூட்டத் தெரிந்த வயதிலேயே அந்தப் புத்தகத்தின் கட்டங்கள் எனக்கு மனப்பாடம். மணமகன் ஒப்பமிடுவார். மணமகளின் வலி ஒப்பமிடுவார். நிக்காஹை நடத்திவைத்தவரும் சாட்சிகளும் ஒப்பமிடுவார்கள், கூடவே வாப்பாவும். மணமகளின் பெயர் இருக்கும், வயது இருக்கும், தகப்பனின் பெயர், மஹர் எவ்வளவு, கைக்கூலி எவ்வளவு என்பதெல்லாம் இருக்கும். அவள் ஒப்பமிட ஒரு கோடு இருக்காது. ஒருநாள் கேட்டேன். "அவட வலி போடுறார்தானே மகள்" என்றார். வாப்பா சொன்னதில் பிழையில்லை. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி அவளுடைய ஒப்பம் தேவையில்லை.

வலி என்பது அறபுச் சொல். பெண்ணின் சார்பில் நிற்கும் பாதுகாவலர் என்று பொருள். முதலில் தகப்பன், அவர் இல்லாவிட்டால் தகப்பனின் தகப்பன், பிறகு சகோதரன், பிறகு தகப்பன் வழி ஆண்கள். தாய்க்கு இந்த வரிசையில் இடமே இல்லை. (தமிழில் எழுதும்போது நோவுக்கும் இதே இரண்டு எழுத்துத்தான். அது என் குற்றமில்லை.) இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் ஷாபி மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். அவர்களுக்கான 25ஆம் பிரிவு, நிக்காஹ் நடக்கும் இடத்தில் வலி இருக்க வேண்டும், பெண்ணின் சம்மதத்தையும் தன்னுடைய இசைவையும் அவர் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆக, பெண்ணின் சம்மதம் சட்டத்தில் இல்லாமலில்லை, அவருடைய வாயில் இருக்கிறது. 47ஆம் பிரிவில் இன்னொரு ஏற்பாடு உண்டு. வலி நியாயமில்லாமல் மறுத்தால் பெண் காதியிடம் போகலாம், காதி விசாரித்து வலி இல்லாமலே கல்யாணத்தை அனுமதிக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தகப்பன் சரி என்று சொல்லி மகள் வேண்டாம் என்றால், அவள் போய்த் தட்டுவதற்கு அப்படியொரு கதவை யாரும் எழுதிவைக்கவில்லை.

இனி வயது. 23ஆம் பிரிவின்படி 12 வயதுக்குக் குறைந்த சிறுமியின் கல்யாணத்தைப் பதிவுசெய்ய காதியின் அனுமதி வேண்டும். பன்னிரண்டு ஆகிவிட்டால் அதுவும் வேண்டாம். வாசிக்கிற மாணவிகள் இதைப் பழைய காலத்துக் கதையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இதை எழுதும்போதும் அந்த வரி சட்டப்புத்தகத்தில் இருக்கிறது. 1995 வரை இந்த நாட்டில் சிங்களப் பெண்ணுக்கும் தமிழ்ப் பெண்ணுக்கும் கூட 12தான் குறைந்தபட்ச வயது. அந்த ஆண்டு பொதுச் சட்டத்தில் அதை 18 ஆக்கினார்கள். முஸ்லிம்களின் கல்யாணம் பொதுச் சட்டத்துக்கு வெளியே இருப்பதால் நாங்கள் வெளியே நின்றோம். அதே 1995இல் தண்டனைச் சட்டக்கோவையையும் திருத்தினார்கள். 16 வயதுக்குக் குறைந்த பெண்ணோடு உடலுறவு கொண்டால், அவள் சம்மதித்திருந்தாலும் அது வன்புணர்ச்சி என்றார்கள். கூடவே ஒரு விதிவிலக்கு: அவள் 12 வயதுக்கு மேற்பட்ட மனைவியாக, நீதிமன்றத்தால் பிரித்துவைக்கப்படாதவளாக இருந்தால் அது குற்றமாகாது. மற்றவர்களுக்குத்தான் 18 என்று ஆகிவிட்டதே, பிறகு இந்த விதிவிலக்கு யாருடைய பிள்ளைகளுக்காக? பெயர் சொல்லாமலே எங்களை எழுதிவைத்தார்கள்.

அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை எல்லோரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. 16ஆம் உறுப்புரை, அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் ஏற்கனவே இருக்கும் சட்டங்கள் எல்லாம் செல்லும் என்கிறது. அந்த ஒரு வரிக்குள் தேசவழமையும் பத்திரமாக இருக்கிறது. யாழ்ப்பாணத் தோழிகள் சிலர் "உங்கட ஆக்கள் ஏன் இன்னும் இப்பிடி?" என்று அனுதாபத்தோடு கேட்பதுண்டு. சொந்தப் பெயரிலுள்ள காணியை விற்கத் தேசவழமைப் பெண்ணுக்குக் கணவனின் சம்மதம் வேண்டும் என்பதை அவர்களுக்கு நினைவூட்ட எனக்கு எப்போதும் கொஞ்சம் சந்தோஷம்.

வயதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எங்கள் ஊர்களில் முதலில் வரும் பதில் மார்க்கத்திலிருந்து வருவதில்லை. "என்ட புள்ளையை எப்ப கட்டிக் குடுக்கிற எண்டு அரசாங்கமா எனக்குச் சொல்லிற?" என்பதுதான் அது. பெற்றோரின் உரிமை. சிறுபான்மைச் சமூகம் ஒன்றில் இது லேசான வார்த்தை இல்லை. அரசாங்கம் என்றால் யார், அது எங்களிடம் எந்தெந்த நாட்களில் எந்தெந்த முகத்தோடு வந்திருக்கிறது என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. ஆகவே அதை நான் சிரித்துத் தள்ளுவதில்லை. ஆனால் அதைச் சொல்வது யார், சொல்லாமல் இருப்பது யார் என்று பார்க்கிறேன்.

நான் 26 வருடம் கணிதம் படிப்பித்தவள். பத்தாம் ஆண்டு வகுப்பில் முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை, கேத்திர கணிதத்தில் நான் கரும்பலகையில் வரைந்து முடிக்குமுன் நிறுவலைச் சொல்லிவிடுவாள். ஒரு தவணை விடுமுறைக்குப் பிறகு அவள் வரவில்லை. இரண்டு கிழமை பொறுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். கத்தாரில் வேலை செய்யும் 27 வயதுப் பையனுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்தார்கள். அவளுக்குப் பதினைந்து.

தகப்பன் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லாமல் மேலே போனால் என் கதை பொய்யாகிவிடும். வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலை, மூன்றும் பெண் பிள்ளைகள். அவர் யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவர். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியாலம் கொடுத்து யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவருக்குப் பதினாறு வயது. "ரெண்டு அக்காமாரோட கேம்ப்புக்கு வந்தம் டீச்சர். கிடுகு மறைப்பு. கக்கூசுக்குப் போறதெண்டா ராவில நானும் வாப்பாவும் லாந்தரோட காவலுக்குப் போற. ஒரு வருசத்துக்குள்ள ரெண்டு பேரையும் ஆர் கேட்டாங்களோ அவங்களுக்குக் குடுத்திட்டார் வாப்பா. வீட்டில குமர் இருந்தா ஆம்புளைக்கு நித்திரை வராது." கேம்ப் போய்க் கல்வீடு வந்துவிட்டது. நித்திரை மட்டும் திரும்பி வரவில்லை.

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து அந்தப் பிள்ளையின் உம்மா, "நான் ஓ.எல். எடுக்கட்டும் எண்டுதான் சொன்னன்" என்றார். ஒரே ஒரு தரம்தான் சொன்னார். பெற்றோரின் உரிமை என்று நாங்கள் மேடையில் பேசுகிறோமே, அதில் பாதிப்பேரின் குரல் இந்தத் திரைச்சீலைக்குப் பின்னால் நிற்கிறது. சட்டமும் அவரைக் கேட்பதில்லை. வலி ஆக அவரால் முடியாது. பத்து மாதம் சுமந்தவளுக்கு மகளின் கல்யாணத்தைத் தடுக்க உரிமை இல்லை, நடத்திவைக்கவும் உரிமை இல்லை.

சிறுவர் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் என்னைவிட இளையவர், அக்கறையோடுதான் கேட்டார். வயதை எழுதினார், பாடசாலையை எழுதினார், பெயரைக் கேட்டார். பெயரைச் சொன்னதும் பேனை நின்றது. "டீச்சர், உங்கட ஆக்களுக்குச் சட்டம் வேறதானே. நாங்க கை வச்சா மதத்தில கை வச்ச மாதிரி ஆகிடும்." 5 வயது முதல் 16 வயது வரை பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டும் என்ற கட்டாயம் இந்த நாட்டில் இருக்கிறது, 2016இல்தான் அதை 14இலிருந்து 16 ஆக்கினார்கள். இன்றைய சட்டப்படி, பதினைந்து வயது மகளை வகுப்புக்கு அனுப்பாத தகப்பனைக் கூப்பிட்டு விசாரிக்கலாம். அதே மகளைக் கல்யாணத்துக்கு அனுப்பினால் விசாரிக்க ஒன்றும் இல்லை. அந்த அலுவலகத்தில் எனக்குக் கிடைத்தது மரியாதை. எங்கள் மார்க்கத்துக்கான மரியாதை, எங்கள் சமூகத்துக்கான மரியாதை. அந்தப் பிள்ளைக்குத்தான் அதில் ஒன்றும் மிஞ்சவில்லை.

நாலு வருடத்துக்குப் பிறகு அவளை மறுபடி பார்த்தது ஒரு காதியின் வீட்டு விறாந்தையில். கையில் இரண்டு வயது மகன். தாபரிப்புக் கேட்டு வந்திருந்தாள். காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணி பேச முடியாது என்று 74ஆம் பிரிவு சொல்கிறது. ஏழைகளுக்குச் செலவு குறையட்டும் என்று வைத்த விதியாம். காதியாக நல்லொழுக்கமுள்ள முஸ்லிம் ஆண் ஒருவரைத்தான் நியமிக்கலாம் என்றும் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. மலேசியாவில் 2010இலிருந்து ஷரீஆ நீதிமன்றத்தில் பெண் நீதிபதிகள் இருக்கிறார்கள். இந்தோனேசியாவில் பெண்ணின் கல்யாண வயதை 2019இல் 19 ஆக்கினார்கள். மொரோக்கோவில் 2004இலேயே பொதுவான வயது 18. அங்கேயும் இதே குர்ஆன்தான். நான் வெளியே வாங்கில் இருந்தேன். உள்ளே, "வாப்பா வந்திருக்கிறாரா? அவரைப் பேசச் சொல்லுங்க" என்ற குரல் கேட்டது.

மாற்றம் கேட்டு யாரும் முயலவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. கொழும்பிலும் புத்தளத்திலும் கிழக்கிலும் முஸ்லிம் பெண்கள் பல பத்தாண்டுகளாக இதைக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். முஸ்லிம் பெண்கள் ஆராய்ச்சி செயல் முன்னணி 1980களிலிருந்து வேலை செய்தது. 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு ஒன்றை நியமித்தார்கள். ஒன்பது வருடம் இருந்து, 2018 ஜனவரியில் தங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து அறிக்கை கொடுத்தார்கள். அந்த ஒன்பது வருடத்தில் என் பத்தாம் ஆண்டு வகுப்பிலிருந்து எத்தனை கதிரை காலியானது என்று நான் ஒரு கொப்பியில் குறித்து வைத்திருந்தேன். அரசாங்கங்கள் மாறின, பதில் மாறவில்லை: "உங்கள் சமூகம் முதலில் ஒருமித்து வரட்டும், நாங்கள் செய்கிறோம்." ஒருமித்து வர வேண்டியவர்கள் யார்? உலமாக்கள், பாராளுமன்ற உறுப்பினர்கள், பள்ளிவாசல் நிர்வாகங்கள். பன்னிரண்டு வயதுக்காரி அந்த மேசையில் இல்லை, அவள் உம்மாவும் இல்லை.

பிறகு 2020 வந்தது. எங்கள் மார்க்கத்தில் கை வைக்கப் பயந்த அதே அரசு கையை வைத்தது.

கொரோனாவில் இறந்தவர்களைத் தகனம்தான் செய்ய வேண்டும் என்று 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி வெளியிட்டார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலில் இருந்தது. ஜனாஸாவை எரிப்பது என்பது ஒரு முஸ்லிமுக்கு என்ன என்று தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மாவீரர் துயிலும் இல்லங்களை உடைத்தபோது நீங்கள் என்ன உணர்ந்தீர்களோ அதற்குக் கிட்ட வரும். என் உம்மாவுக்கு அப்போது எண்பது வயது. நவம்பரில் காய்ச்சல் வந்தது. "என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாதீங்க. மௌத்தானா வீட்டிலயே மௌத்தாகிறன். எரிச்சிருவாங்க" என்று கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். அந்த நாட்களில் காய்ச்சலை மறைத்த வீடுகள் எங்கள் தெருவில் ஒன்றிரண்டு இல்லை. உம்மாவுக்கு அது சாதாரணத் தடிமனாகப் போனது எங்கள் அதிர்ஷ்டம்.

தகனத்தை எதிர்த்துத் தாக்கலான மனுக்களை டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதற்கு அடுத்த கிழமை கொழும்பில் பிறந்து 20 நாளான ஒரு குழந்தையை எரித்தார்கள். சம்மதம் கொடுத்து ஒப்பமிடும்படி தகப்பனைக் கேட்டார்கள். அவர் ஒப்பமிடவில்லை. எரித்தார்கள். பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினார்கள். இரவோடிரவாக அவை அகற்றப்பட்டன. ஊரூராக மறுபடி கட்டினார்கள். நான் எங்கள் படலையில் கட்டியது உம்மாவின் தொழுகைச் சால்வையிலிருந்து கிழித்த துண்டு.

அந்த நாட்களில் எனக்கு மனதிலிருந்து போகாமல் நின்றது அந்தக் கடதாசி. பதினைந்து வயது மகளுக்காகத் தகப்பன் ஒப்பமிட்டால் அரசு அதைத் தலைவணங்கி ஏற்றுக்கொள்கிறது, அவள் ஒப்பம் எங்கே என்று கேட்பதில்லை. இருபது நாள் பிள்ளைக்காகத் தகப்பன் ஒப்பமிட மறுத்தால் அது ஒரு தடையே இல்லை. பெற்றோரின் உரிமையை அரசு மதிக்கிறதா மிதிக்கிறதா என்று கேட்டால் இரண்டும்தான் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த உரிமை மகளின் மேல் பாயும்போது மதிக்கும், அரசின் பக்கம் திரும்பும்போது மிதிக்கும். பிள்ளைக்கு எது நல்லது என்ற கேள்வி இரண்டு இடத்திலும் எழவே இல்லை. தகனத்தில் கிருமிக்குப் பயம் என்றார்கள். கல்யாணத்தில் கலாசாரத்துக்கு மரியாதை என்றார்கள்.

2021 பெப்ரவரி கடைசியில் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. முதலில் இரணைதீவைக் காட்டினார்கள். அங்குள்ள கத்தோலிக்கத் தமிழ் மக்கள் எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்கள். பிறகு ஓட்டமாவடியில் இடம் ஒதுக்கினார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

மண் காயுமுன்பே, 2021 மார்ச்சில் அடுத்த அறிவிப்புகள் வரத் தொடங்கின. புர்காவைத் தடைசெய்யப் போகிறோம், ஆயிரத்துக்கு மேற்பட்ட மத்ரஸாக்களை மூடப் போகிறோம் என்று பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சர் சொன்னார். அதே பருவத்தில் முஸ்லிம் விவாகச் சட்டமும் மேசைக்கு வந்தது. குறைந்தபட்ச வயது 18, பலதார மணம் இல்லை, காதி நீதிமன்றம் இல்லை. ஒக்டோபரில் "ஒரே நாடு ஒரே சட்டம்" செயலணிக்குத் தலைவராக ஞானசார தேரரை ஜனாதிபதி நியமித்தார். 2014 ஜூனில் அளுத்கமவில் எங்கள் கடைகளும் வீடுகளும் எரிந்ததற்கு முன் அங்கே மேடையேறிப் பேசியவர் அவர். நீதிமன்றத்தை அவமதித்ததற்காகச் சிறை சென்று ஜனாதிபதி மன்னிப்பில் வெளியே வந்தவர். முப்பது வருடமாக நாங்கள் கேட்டதை அவருடைய கையில் வைத்து எங்களிடம் நீட்டினார்கள்.

புத்தளத்தில் எங்கள் பெண்கள் குழு அந்த மாதத்தில் கூடியபோது நடந்த சண்டையை இப்போதும் மறக்க முடியவில்லை. மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த மூத்தவர் ஒருவர், காதி நீதிமன்றத்தில் தன் மகளுக்காக ஏழு வருடம் அலைந்தவர், எழும்பி நின்று சொன்னார்: "பேரப்புள்ளைட மையத்தை எரிக்கச் சொன்ன கை அது. அந்தக் கையால வாற தண்ணி எனக்கு வேணாம்." கடைசி வரிசையில் இருந்த இளம் பிள்ளை விட்டுக்கொடுக்கவில்லை. "உங்களுக்கு வேணாம் ராத்தா. தாகம் உங்களுக்கில்லையே." கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு எல்லோரும் ஒரேயடியாகப் பேசினார்கள். தேத்தண்ணி ஆறிப்போனது.

நான் இளையவள் பக்கம் நின்றேன். நல்ல அரசாங்கம் வரும்வரை சிறுமிகளைக் காத்திருக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. நல்ல அரசாங்கம் எதுவும் இதுவரை எங்கள் ஊருக்கு வந்ததுமில்லை. ஆனால் மூத்தவரின் பயம் வெறும் ரோசம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். சட்டம் எந்தக் கையால் வருகிறது என்பது அது யார் முதுகில் விழும் என்பதைத் தீர்மானிக்கிறது. 2023 பெப்ரவரியில் இந்தியாவின் அசாம் மாநிலத்தில் குழந்தைக் கல்யாணத்துக்கு எதிராக என்று சொல்லிச் சில நாட்களுக்குள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கைதுசெய்தார்கள். கணவர்கள், தகப்பன்மார், காதிகள். பழைய கல்யாணங்களையும் தோண்டி எடுத்தார்கள். பொலிஸ் நிலைய வாசலில் கைக்குழந்தையோடு அழுதது அந்தக் கல்யாணங்களின் பெண்கள்தான். ஒரு வருமானமும் இல்லாமல் விடப்பட்டவர்கள் அவர்கள்தான். கர்ப்பிணிப் பெண்கள் வயது வெளியே தெரிந்துவிடும் என்று வைத்தியசாலைக்குப் போகப் பயந்தார்கள் என்று வாசித்தபோது எனக்கு என் உம்மா கட்டில் சட்டத்தைப் பிடித்த கை நினைவுக்கு வந்தது. சிறுமியைக் காப்பாற்ற என்று எழுதும் சட்டம் அவளை வைத்தியரிடமிருந்து துரத்துமானால் அதை எழுதியவர் அவளை நினைத்து எழுதவில்லை.

ஆகவே எங்கள் குழு ஒரு வேலையைத் தொடங்கியது. "18 வேண்டும்" என்று பதாகை பிடிப்பது எளிது, பிடித்திருக்கிறோம். இனி சட்டத்தைப் பிரிவு பிரிவாக உட்கார்ந்து வாசிப்போம் என்று முடிவெடுத்தோம். தையல் வகுப்பு நடக்கும் மண்டபத்தில், வெள்ளிக்கிழமை பின்னேரங்களில். மணமகளின் ஒப்பமும் விரலடையாளமும் பற்றி ஒரே நாளில் முடிந்துவிட்டது. பெண் காதி, பெண் பதிவாளர், அதுவும் ஒரே நாள். தண்டனைச் சட்டக்கோவையின் அந்த விதிவிலக்கை நீக்க வேண்டும் என்பதில் ஒருவருக்கும் மாற்றுக் கருத்தில்லை. தாயை வலியாக ஏற்கலாமா, அல்லது வலி என்ற நிபந்தனையையே எடுத்துவிடலாமா என்பதில் மூன்று கிழமை போனது. என் நிலைப்பாடு இரண்டாவது. பதினெட்டு வயதானவளுக்கு வேறொருவரின் வாய் எதற்கு? மற்றவர்களில் பாதிப்பேர், வாப்பா பக்கத்தில் நிற்பது ஒரு பலம், அதை ஏன் இழப்பது என்றார்கள். தீர்மானமில்லாமல் இரண்டையும் எழுதிவைத்தோம்.

மிகவும் கஷ்டப்பட்டது 16ஆம் பிரிவில். பதிவுசெய்யவில்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு முஸ்லிம் கல்யாணம் செல்லாததாகிவிடாது என்கிறது அது. வாப்பாவின் காலத்தில் இது ஏழைகளுக்கு உதவியிருக்கலாம். இன்று 23ஆம் பிரிவில் 12ஐ வெட்டி 18 என்று எழுதினால் மட்டும் என்ன நடக்கும்? பதிவாளர் புத்தகத்தைத் திறக்கமாட்டார், அவ்வளவுதான். நிக்காஹ் பள்ளிவாசலில் நடக்கும், ஊருக்கு அது கல்யாணம், சட்டத்துக்கும் அது செல்லுபடியாகும் கல்யாணம். பிள்ளையின் கையில் ஒரு கடதாசித் துண்டும் இருக்காது. இப்போதே எங்களிடம் தாபரிப்புக்கு வரும் பெண்களில் பதிவில்லாதவர்கள் இருக்கிறார்கள். அவன் இல்லை என்று சொன்னால் நிரூபிக்க வேண்டியது அவள். ஆகவே 23ஐத் தொடும் சட்டமூலம் 16ஐத் தொடாமல் வந்தால் அதை ஏற்கக் கூடாது என்று எழுதினோம். நிக்காஹ் நடத்துபவருக்கும் ஆண் தரப்புப் பெரியவர்களுக்கும் தண்டனை, பெண்ணுக்கு எந்தத் தண்டனையும் இல்லை என்றும் எழுதினோம். தகப்பனைச் சிறைக்கு அனுப்புவதா என்ற இடத்தில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அபராதம், ஆலோசனை, இரண்டாம் முறையானால் சிறை என்று எழுதியபோது சிலர் அழுதார்கள்.

அந்த வாசிப்புக்கு என் பழைய மாணவியும் வருவாள். இப்போது தையல் வேலை செய்கிறாள், மகன் பாடசாலைக்குப் போகிறான், ஓ.எல். பரீட்சையைத் தனிப்பட்ட விண்ணப்பதாரியாக எடுக்கப் படிக்கிறாள். பிரிவுகளை அவள்தான் சத்தமாக வாசிப்பாள், குரல் தெளிவு. 16ஆம் பிரிவை முடித்த அன்று புத்தகத்தை மூடாமல் விரலை அந்தப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "டீச்சர், பதினெட்டுக்குக் கீழ நடந்த கல்யாணம் செல்லாது எண்டு நாங்க எழுதினா, என்ட மகன் சட்டத்தில ஆர்ட புள்ள?"

அவளுடைய கேள்விக்காக ஒரு தனிப் பந்தி சேர்த்தோம். சட்டம் வருவதற்கு முன் நடந்த கல்யாணங்களிலும், சட்டத்தை மீறி நடக்கும் கல்யாணங்களிலும் பிறக்கும் பிள்ளைகளின் சட்டபூர்வத் தன்மையும் தாபரிப்பும் வாரிசுரிமையும் எந்த விதத்திலும் பாதிக்கப்படக் கூடாது. தாபரிப்பு, மஹர், கைக்கூலியை மீளப் பெறுதல் ஆகியவற்றுக்கு அந்தப் பெண் மனைவியாகவே கருதப்பட வேண்டும். சொற்களைச் சரிபார்க்க ஒரு சட்டத்தரணித் தோழியிடம் அனுப்பினோம். இரண்டு இடத்தில் பென்சிலால் குறித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை அதை எடுக்கிறோம்.